மழைநீர் வாய்க்காலுக்குப் புல்: மட்டம் எடுப்பது முதல் வெட்டு உயரம் வரை

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், பள்ளி வளாகத்தின் உள்சாலை, சிறு தொழிற்கூடத்தின் முற்றம். இவற்றில் விழும் மழையைத் தெருவுக்கு அனுப்பாமல், ஓரமாக ஓடும் ஆழமில்லாத புல் வாய்க்காலில் இறக்கி, வேகத்தைக் குறைத்து, மண்ணைப் படியவைத்து, முடிந்தவரை நிலத்துக்குள் விடுவதற்கான வழிகாட்டி இது. சென்னையையும் வடகிழக்குப் பருவமழை பெறும் கடலோர மாவட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. மொட்டைமாடி நீருக்குக் குழாயும் உறைகிணறும் பல வீடுகளில் இருக்கின்றன. தரையில் ஓடும் நீருக்குத்தான் ஏற்பாடு இல்லை.

இந்த வேலையில் புல் அழகுக்காக இல்லை. தண்ணீர் ஓடும்போது அதன் நடுவே நிமிர்ந்து நிற்பதுதான் அதன் வேலை. புல் தேர்வு, நடும் காலம், வெட்டும் உயரம் எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பலர் நர்சரிக்குப் போய்ப் புல்லை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். புல் வாங்குவது ஐந்தாவது வேலை.

1. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடுங்கள்

ஒரு நல்ல மழையில் குடையோடு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் மதிலைத் தொடுகிறது என்பதைச் சாக்பீஸாலோ செங்கல் துண்டாலோ குறித்துவிடுங்கள். வரைபடத்தில் தெரியும் சரிவும் தரையில் இருக்கும் சரிவும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பிறகு பரப்பளவு. 1,000 சதுர அடி சிமென்ட் தளத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,650 லிட்டர் தண்ணீர். 30 மீட்டர் நீளம், அடியில் 60 செ.மீ. அகலம், இரு பக்கமும் ஒன்றுக்கு மூன்று சாய்வு (ஓர் அடி இறங்க மூன்று அடி அகலம்) உள்ள மட்டமான வாய்க்கால் 15 செ.மீ. ஆழத்துக்கு நிறைந்தால் ஏறத்தாழ 4,700 லிட்டர் பிடிக்கும். வாய்க்காலுக்கு நீளவாக்கில் சரிவு இருந்தால் கொள்ளளவு பாதியாகக்கூடக் குறையும். 1,000 சதுர அடிக்கு 30 மீட்டர் வாய்க்கால் என்பதை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டு, இடம் குறைவாக இருந்தால் மிஞ்சும் நீர் எங்கே போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் 200 மி.மீ.க்கு மேல் கொட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. வழிந்தோடும் வழி இல்லாத வாய்க்கால் அந்த நாளில் வீட்டுப் பக்கம் திரும்பும்.

கட்டட அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே வாய்க்கால் இருக்க வேண்டும். செப்டிக் டேங்கை ஒட்டி வேண்டாம். குடிநீர்க் கிணற்றுக்குள் இந்த நீரை நேராக விடவே கூடாது. கார் நிற்கும் தளத்திலிருந்து எண்ணெயும் டயர்த் தூளும் சேர்ந்துதான் வரும்.

2. குழி தோண்டி மண்ணைச் சோதியுங்கள்

திருவான்மியூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம், கொளத்தூர்ப் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரியின் சில பகுதிகளில் சீக்கிரமே பாறை. இது பொதுக் கணக்குதான். உங்கள் இடத்தில் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

வாய்க்காலின் அடிமட்டம் எங்கே வருமோ அங்கிருந்து இன்னும் 30 செ.மீ. ஆழத்துக்கு, 30 செ.மீ. சதுரமாகக் குழி எடுங்கள். முதல் நாள் இருமுறை நிரப்பி வடியவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மர ஸ்கேலைக் குத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்கியது என்று பாருங்கள்.

முதல் நாள் ஊறவைப்பதைத் தவிர்க்கவே கூடாது. மே மாதக் களிமண் வெடித்துக் கிடக்கும். முதல் வாளி நீர் அந்த வெடிப்புகளில் சரசரவென்று மறைய, “நல்லா உறிஞ்சுது” என்று எழுதிவைப்பார்கள். அதே மண் நனைந்து ஊதி வெடிப்பு மூடிக்கொண்டதும் நீர் அசையாது. நவம்பரில் நிலைமை அதுதான்.

மணிக்கு 13 மி.மீ.க்கு மேல் இறங்கினால் 15 செ.மீ. ஆழம் தேக்கலாம், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். அதைவிடக் குறைந்தால் தேக்கும் ஆழத்தை 7 செ.மீ.க்குக் குறையுங்கள். 3 மி.மீ.க்கும் கீழே என்றால், அல்லது மழைக்காலத்தில் இரண்டு அடியிலேயே ஊற்றுநீர் தெரிந்தால், தேக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வேகத்தைத் தணித்து நீரைக் கடத்தும் வாய்க்காலாக மட்டும் அமைக்கலாம். எந்த நிலையிலும் 48 மணி நேரத்தில் தரை தெரிய வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும் என்பதால், இரண்டு நாளில் வடிந்துவிடும் நீரில் அதற்கு வேலை இல்லை.

3. மட்டம்: பெரும்பாலான வாய்க்கால்கள் கெட்டுப்போகும் இடம்

தேவையானவை: 15 மீட்டர் தெளிவான டியூப், இரண்டு மரக்குச்சி, நைலான் கயிறு, டேப். டியூபில் நீர் நிரப்பிக் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழி நின்றாலும் அளவு பொய்யாகும். டியூபின் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அங்கிருந்து தரைவரை இரு இடத்திலும் அளந்தால் சரிவு தெரியும்.

நீளவாக்குச் சரிவு 100-க்கு 1 முதல் 2 வரை இருந்தால் நல்லது. 1-க்குக் கீழே போனால் ஆங்காங்கே குட்டை கட்டும். 4-ஐத் தாண்டினால் புல் வேர்ப்பிடிப்பதற்குள் மண் அரித்துவிடும். சரிவு கூடுதலாக இருந்தாலோ நீரை நிறுத்தி ஊறவைக்க விரும்பினாலோ குறுக்கே கல்தடுப்பு வையுங்கள். தடுப்பின் உயரத்தைச் சரிவால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும்: 15 செ.மீ. தடுப்பு, 100-க்கு 1 சரிவு என்றால் 15 மீட்டருக்கு ஒன்று.

கல்தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட 4, 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். நேர்க்கோட்டில் கட்டினால் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கச் சரிவை அறுக்கும். இரண்டே மழையில் தடுப்பு தனியாக நிற்கும், ஓடை பக்கத்தில் ஓடும்.

பக்கச் சாய்வு ஒன்றுக்கு மூன்றைவிடச் செங்குத்தாக வேண்டாம். ஒன்றுக்கு நான்கு இன்னும் நல்லது. மூவர் எனப்படும் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நடப்பவரின் கால் நிற்க வேண்டுமே என்பதுதான் காரணம். இடம் மிச்சப்படுத்தச் செங்குத்தாக வெட்டிய வாய்க்காலில் மூவர் இறங்காது. யாரும் வெட்டாமல் ஒரு வருடத்தில் புதர் மண்டும்.

அடுத்து நுழைவாய். தளத்தின் ஓரத்தில் கர்ப் கல் இருந்தால் 30 முதல் 45 செ.மீ. அகலத்துக்கு வெட்டி வழிவிட வேண்டும். அங்கே புல்லின் கீழ் மண்மட்டம் தளத்தைவிட முழுதாக 5 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். மேஸ்திரிகள் தளத்தையும் மண்ணையும் கைக்கரண்டி வைத்து ஒரே மட்டமாக நீவிக் கொடுப்பார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதன்மேல் புல் படர்ந்து, அடிச்சருகு சேர்ந்து, மழை கொண்டுவந்த தூசியும் படிந்தால் ஒரே பருவத்தில் 3 செ.மீ. ஏறிவிடும். பிறகு தண்ணீர் வாய்க்காலின் விளிம்பைத் தொட்டுத் திரும்பி, பழையபடி கேட் வழியாகத் தெருவுக்கே போகும். எவ்வளவு நல்ல புல்லை நட்டாலும் நீர் உள்ளே வராவிட்டால் அத்தனையும் வீண். மேஸ்திரி கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு நுழைவாயிலும் டேப் வைத்துப் பாருங்கள்.

நீர் விழும் இடத்தில் அரை மீட்டருக்குக் கைப்பிடி அளவுக் கருங்கல்லைப் பதித்துவிடுங்கள். அந்த இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது.

4. மண்ணைத் தளர்த்துங்கள், அளவோடு மக்கிய உரம் கலக்குங்கள்

ஜேசிபி ஓடிய மண் செங்கல்போல் இறுகியிருக்கும். கடப்பாரையால் 20 செ.மீ. ஆழத்துக்காவது தளர்த்துங்கள். சிமென்ட் கட்டி, ஓட்டுத் துண்டு, கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இன்று மண்ணில் விட்ட கம்பித் துண்டு நாளை மூவர் பிளேடில் பட்டுத் தெறிக்கும்.

நன்கு மக்கிய உரத்தை 3 செ.மீ. பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கொத்திக் கலக்குங்கள். மேலே சொன்ன 30 மீட்டர் வாய்க்காலை, நீர் நிறையும் 15 செ.மீ.க்கு மேலும் கரை இருக்கும்படி 30 செ.மீ. ஆழமாக எடுத்தால், பக்கச் சரிவுகளையும் சேர்த்துப் பரப்பு சுமார் 75 சதுர மீட்டர். அதற்கு 80 கன அடி உரம் போதும். பசுஞ்சாணமோ பாதி மக்கிய எருவோ வேண்டாம். முதல் மழையிலேயே அதன் சத்து கரைந்து, சுத்தப்படுத்த நினைத்த நீரையே கெடுக்கும். களிமண்ணில் “கொஞ்சம் மணல் போட்டால் சரியாகிவிடும்” என்பார்கள். கொஞ்சம் மணலும் களியும் சேர்ந்தால் காய்ந்ததும் கல்லாக இறுகும். களியைத் தளர்த்துவது மக்கிய உரமும் வேரும்தான்.

5. புல் தேர்வு

மூன்று கேள்விகள்: அந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் நேரடி வெயில்? நீரில் உப்பு உண்டா? கோடையில் யார் தண்ணீர் விடுவார்கள்?

அருகம்புல். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் படும் வாய்க்காலுக்கு முதல் தேர்வு இதுதான். தரைக்கு மேலே ஓடும் தண்டு, தரைக்குக் கீழே ஓடும் தண்டு இரண்டும் உண்டு. மேலே மண் மூடினாலும், அரித்தாலும், மிதிபட்டாலும் கீழிருந்து எழும். இரண்டு நாள் மூழ்கிக் கிடக்கும். மே மாதம் பழுப்பாகிப் படுத்துவிட்டு ஒரு கோடை மழைக்குப் பச்சையாகும். ஓரளவு உப்பும் தாங்கும். குறை இரண்டு: நிழலில் மெலிந்து வழுக்கை விழும், பக்கத்துப் பூச்செடிப் பாத்திக்குள் புகுந்துவிடும். பாத்திக்கும் வாய்க்காலுக்கும் நடுவே 15 செ.மீ. ஆழத்துக்கு ஓரக்கல் பதித்தால் பெருமளவு நிற்கும். நர்சரியில் கிடைக்கும் மெல்லிலை ஒட்டுவகைகளைவிடச் சாதாரண நாட்டு அருகே இங்கு மேல். ஒட்டுவகைகள் தாழ்வாக வெட்டி வளர்ப்பதற்காக உருவானவை. நமக்கு வேண்டியது உயரமாக நிற்கும் புல்.

பாஸ்பாலம். கடலோர விடுதிப் புல்தரைகளிலும் கோல்ஃப் மைதானங்களிலும் பார்க்கலாம். உப்பு நீரையும் தேங்கும் நீரையும் அருகைவிட நன்றாகத் தாங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பு ஏறிய போர்வெல் நீரால் நனைக்க வேண்டிய இடங்களுக்குப் பொருந்தும். இதற்கும் வெயில் வேண்டும்.

அகல இலைக் கார்ப்பெட் புல், பஃபலோ புல். மரநிழலிலும் கட்டட நிழலிலும் இவைதான். இரண்டும் பெரும்பாலும் தரைக்கு மேல் ஓடும் தண்டாலேயே பரவும். ஆகவே அரிப்பு கடுமையாக உள்ள இடத்தில் அருகளவு பிடிக்காது. கோடையில் தண்ணீர் கட்டாயம். அடர்ந்த நிழலில் இவையும் நிற்காது. அங்கே புல்லை விட்டுக் கூழாங்கல்லும் நிழல்செடியும் வைப்பதே நல்லது.

கொரியன் புல். பார்க்கக் கம்பளம்போல் இருப்பதால் எல்லோரும் கேட்பது இதைத்தான். வாய்க்காலுக்கு வேண்டாம். மெதுவாகப் பரவும், மேடுமேடாகப் புடைக்கும், அந்த மேடுகளை மூவர் மொட்டையடிக்கும், மேடுகளுக்கு இடையே நீர் தனிக் கால்வாய் பிடிக்கும்.

வெட்டிவேர். இது தரைப்புல் அல்ல, வேலிப்புல். வேர் நேராக இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். சரிவு அதிகமுள்ள இடத்தில் கல்தடுப்புக்குப் பதிலாக வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு வரிசை, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் உயிருள்ள தடுப்பாகும். 30, 40 செ.மீ. உயரத்தில் மட்டும் கத்தரிக்க வேண்டும்; மூவர் இதன்மேல் ஏறக் கூடாது.

ஒரே வாய்க்காலில் வெயில் பகுதிக்கு அருகும் நிழல் பகுதிக்குக் கார்ப்பெட் புல்லும் வைப்பதில் தவறில்லை. எல்லாம் ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் தவறு.

6. பாய் வேண்டாம், தண்டுத் துண்டை நடுங்கள்

நர்சரிப் புல்பாய் உருட்டிய அன்றே பச்சையாகத் தெரியும். ஆனால் அந்தப் பாயின் அடியில் 2 செ.மீ. மண் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் ஒட்டும் செம்மண் அல்லது வயல்களி. மணற்பாங்கான வாய்க்காலின்மேல் அதை விரிப்பது, நீர் இறங்கும் வழியைக் களிமண்ணால் மெழுகுவதற்குச் சமம். பாய்தான் வேண்டுமென்றால் அடிமண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு விரியுங்கள். அதோடு பாயின் கனத்தையும் கணக்கில் சேர்த்து மண்மட்டத்தை இன்னும் இறக்குங்கள்.

அருகுக்குத் தண்டுத் துண்டு மலிவு, உறுதி. ஓடும் தண்டு ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஒரு வேர்முளையும் மேல்பக்கம் ஓர் இலைக்கொத்தும் இருக்கும். மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, வெட்டிய அன்றே நட்டுவிட வேண்டும். ஒரு நாள் வெயிலில் கிடந்த துண்டு பச்சையாகத் தெரிந்தாலும் பிடிக்காது.

10 செ.மீ.க்கு ஒரு துண்டு. இரண்டு கணு மண்ணுக்குள், இலைநுனி வெளியே. சதுர மீட்டருக்கு 100 துண்டு. 75 சதுர மீட்டருக்கு 7,500. வரிசை எப்போதும் நீரோட்டத்துக்குக் குறுக்கே போகட்டும். ஓட்டத்தோடு சேர்ந்து வரிசை போட்டால் இரு வரிசைக்கு நடுவே உள்ள வெற்றுமண் முதல் மழையிலேயே ஓடையாகும்.

தண்டு எடுக்கும் இடத்தில் கோரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும், அதுதான் கோரை. அதன் கிழங்கு ஒன்று கலந்து வந்தாலும் பிறகு வருடக்கணக்கில் போராட வேண்டும்.

காலம்: ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிவுக்குள். தென்மேற்குப் பருவத்தில் சென்னைக்குக் கிடைக்கும் மாலைநேர இடிமழை பாதித் தண்ணீர்ச் செலவைக் குறைக்கும். அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் புல் தரையை மூட எட்டு முதல் பத்து வாரம் கைவசம் இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் நட்ட புல் நவம்பரில் தெருமுனைச் சாக்கடை வாயில்தான் கிடக்கும்.

7. முதல் அறுபது நாள்

இந்தக் காலத்தில் தளத்து நீரை வாய்க்காலுக்குள் விடாதீர்கள். நுழைவாய்களை மணல்மூட்டையால் அடைத்து, பழைய வழியிலேயே நீர் போகட்டும்.

முதல் பத்து நாள் காலையும் மாலையும் பூவாளியால் மெல்லிய நனைப்பு. ஹோஸை நேராகப் பிடித்தால் துண்டு பெயரும். அடுத்த இரண்டு வாரம் தினம் ஒருமுறை. நான்காம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஆழமாக. தினமும் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

உரம் என்றால் நான்காம் வாரம் ஒரே ஒருமுறை, சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா, இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே நீர் பாய்ச்சலாம். வானிலை அறிக்கை மழை சொன்னால் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகு வாய்க்காலுக்கு ரசாயன உரம் தேவையில்லை. டிஏபி வேண்டவே வேண்டாம். களைக்கொல்லியும் இங்கே கூடாது. இந்த நீர் நிலத்தடிக்குப் போகிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறையோடு வேரோடு பிடுங்குங்கள்.

முதல் வெட்டு, புல் 10 செ.மீ. வந்த பிறகு. அதற்கு முன் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் வேர் பிடித்துவிட்டது. கொத்தோடு வந்தால் இன்னும் பத்து நாள் பொறுங்கள்.

8. வெட்டு உயரம்: படுக்கவைத்த செங்கல்

சாதாரணப் புல்தரையில் அருகை 3, 4 செ.மீ.க்கு வெட்டுவார்கள். வாய்க்காலில் 7 முதல் 8 செ.மீ. நிற்க வேண்டும். ஓடும் நீரின் ஆழத்தைவிடப் புல் உயரமாக இருந்தால்தான் நீர் இலைகளுக்கு நடுவே நுழைந்து, வேகம் இழந்து, மண்ணைக் கீழே போடும். 3 செ.மீ. புல்லின்மேல் நீர் சிமென்ட் தரையில் ஓடுவதுபோல் ஓடும். புல்லின் வேரும் இலைக்கு ஏற்றபடிதான் வளரும். மேலே ஒட்ட வெட்டிக்கொண்டே இருந்தால் கீழே வேர் சுருங்கும். ஏப்ரல் வெயிலில் அது தெரியும்.

அதற்காக வெட்டாமலும் விடக் கூடாது. 15 செ.மீ.யைத் தாண்டிய அருகு வெள்ளத்தில் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். படுத்த புல் கூரை வேய்ந்ததுபோல் நீரை மேலோடு வழுக்கவிடும். அடியில் வெயில் படாமல் தண்டு வெளுத்துக் கட்டையாகும்.

ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 8 செ.மீ. நிற்க வேண்டுமானால் 12 செ.மீ. வரும்போது வெட்ட வேண்டும். விடுமுறையில் 25 செ.மீ. வளர்ந்துவிட்டதா? 17, பிறகு 12, பிறகு 8 என்று, ஐந்தாறு நாள் இடைவெளியில் இறக்குங்கள்.

தோட்டக்காரரிடம் “சுத்தமா வெட்டிடுங்க” என்று சொல்லிவிட்டு அசோசியேஷன் செயலாளர் போய்விடுவார். சுத்தம் என்றால் தரை தெரிவது என்றே தோட்டக்காரர் எடுத்துக்கொள்வார், அவர்மேல் தவறில்லை. அவர் கையில் ஓர் அளவைக் கொடுங்கள். படுக்கவைத்த சேம்பர் செங்கல் ஏறத்தாழ 3 இன்ச், அதாவது ஏழரை செ.மீ. டேப் வைத்துச் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெள்ளையடித்து மூவரோடு வைத்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் அதைப் படுக்கவைத்தால் புல்நுனி செங்கலின் மேல்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். செங்கல் தனியாக மேடாகத் தெரிந்தால் அன்று ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று பொருள். விளக்கமே தேவையில்லை.

9. இயந்திரமும் பிளேடும்

கையால் தள்ளும் உருளை மூவர் இந்த உயரத்துக்குப் பொதுவாக ஏறாது. சுழல் பிளேடு உள்ள பெட்ரோல் அல்லது மின்சார மூவர், 90 மி.மீ. வரை உயர்த்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், குதிரைசக்தி பிறகு.

லீவரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, சிமென்ட் தரையில் நிறுத்தி, பிளேடு நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். புல்லும் ஈரமண்ணும் சக்கரத்தை ஒரு செ.மீ. அமிழ்த்தும். ஆகவே 7 செ.மீ. வேண்டுமென்றால் 8-இல் வையுங்கள்.

20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிளேடைத் தீட்டுங்கள். வெட்டிய மறுநாள் இலைநுனியைக் கிட்டத்தில் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் பிளேடு கூர்மை. நார்நாராகக் கிழிந்து வெளிறியிருந்தால் மழுங்கிவிட்டது. புல் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் தெரிவதற்கு அதுவே காரணம். தீட்டிய பிளேடை நடுத்துளையில் ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுங்கள். சமன் தவறிய பிளேடு இன்ஜினின் தண்டையே கெடுத்துவிடும்.

பிரஷ் கட்டரை முழு வாய்க்காலுக்கும் பயன்படுத்தினால் பெரும்பாலும் மொட்டைதான். கல்தடுப்பு, நுழைவாய், மர அடி, செங்குத்தான சரிவு இவற்றுக்கு மட்டும் வையுங்கள். நைலான் நரம்பு போட்டு, தலையைத் தரையில் தேய்க்காமல், வலமிருந்து இடமாக வீச வேண்டும். மூடிய பூட்ஸ், கண்ணாடி, முழுக்கால் சட்டை இல்லாமல் யாரையும் ஓட்டச் சொல்லாதீர்கள். தெறிக்கும் ஜல்லி ஒன்று போதும் கண்ணைப் பறிக்க.

10. வெட்டும் முறை

இரவு மழை பெய்திருந்தால் காலையில் வாய்க்கால் நடுவில் குதிகாலை அழுத்திப் பாருங்கள். பள்ளத்தில் நீர் கசிந்தால் அன்று வெட்டு இல்லை. ஈரமண்ணில் மூவர் சக்கரம் விடும் இரட்டைத் தடம் அடுத்த மழைக்கு இரண்டு ஓடைகளாகும். அந்தத் தடத்தின் அடியில் மண் இறுகி நீரும் இறங்காது. ஈரப்புல் கட்டிகட்டியாக விழுந்து அடியிலுள்ளதை அழுகவைக்கும்.

தொடங்கும்முன் ஒருமுறை நடந்து கல், பாட்டில், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்குங்கள். நீர் கொண்டுவரும் குப்பை எப்போதும் இருக்கும். ஒரு கழியால் புல்லைத் தட்டிக்கொண்டே போனால் பாம்பு இருந்தாலும் விலகிவிடும்.

பக்கச் சரிவில் தள்ளுமூவரைக் குறுக்காக, அதாவது வாய்க்காலின் நீளத்தோடு ஓட்டுங்கள். மேலும் கீழுமாக அல்ல. கால் வழுக்கினால் இயந்திரம் உங்கள்மேல் வராது. உட்கார்ந்து ஓட்டும் மூவருக்கு இது நேர்மாறு. கவிழும் ஆபத்து இருப்பதால் அது மேலும் கீழுமாகத்தான் போக வேண்டும், ஒன்றுக்கு மூன்று சாய்வில் ஏறவே கூடாது. சக்கரம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போகாதபடி தொடங்கும் இடத்தை ஒரு சாண் மாற்றுங்கள்.

வெட்டிய புல்லைப் பையில் பிடித்தோ வாரியோ வெளியே எடுத்துவிடுங்கள். சாதாரணப் புல்தரையில் அதை அப்படியே விடுவது நல்லது. வாய்க்காலில் அது மிதந்து போய் வடிகால் வாயை அடைக்கும், ஊறிய சத்து நீரில் கலக்கும். மட்குக் குழிக்குப் போகட்டும்.

11. மாதம் பார்த்து

ஜூன் முதல் செப்டம்பர் வரை பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு வெட்டு வரும். பருவமழைக்கு முந்தைய கடைசி வெட்டு அக்டோபர் முதல் வாரத்தில், 8 செ.மீ.க்குக் குறையாமல். இந்த வெட்டில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்: மழை வருகிறதே என்று மொட்டையடித்துவிடுவார்கள். புல்லின் உயரம் மிகவும் தேவைப்படும் நேரம் அது. அதே நாளில் நுழைவாய் மட்டத்தை மீண்டும் அளந்து, 5 செ.மீ.க்குக் குறைந்திருந்தால் தட்டை மண்வெட்டியால் சீவி எடுங்கள். அருகு கீழிருந்து வந்துவிடும்.

நவம்பர், டிசம்பரில் தரை காயும் இடைவெளி கிடைத்தால் மட்டும் வெட்டு. மழை விட்டதும், ஜனவரியில், படிந்த வண்டல் 5 செ.மீ.யைத் தாண்டிய இடங்களில் வாரி எடுங்கள். அதில் டயர்த் தூளும் எண்ணெயும் இருக்கும். காய்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வளர்ச்சி குறைவு. தண்ணீர் விடாத அருகை வெட்டவே வேண்டாம்.

12. வழுக்கை விழுந்த இடம்

புல்லை மாற்றுவதற்கு முன் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் நீர் நிற்கிறதா? மட்டம் சரியில்லை அல்லது மண் இறுகியிருக்கிறது. தோட்ட முள்கரண்டியைக் குத்தி ஆட்டித் தளர்த்துங்கள். நீர் விழும் வாயிலா? கல் பதிக்க வேண்டும். நீளக் கோடாக இருக்கிறதா? சக்கரத் தடம். மேட்டின் உச்சியில் மட்டுமா? பிளேடு மொட்டையடிக்கிறது. மரம் வளர்ந்து நிழல் வந்துவிட்டதா? அருகை விட்டுக் கார்ப்பெட் புல்லுக்கு மாறுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டால்தான் பூச்சி, நோய் பற்றி யோசிக்க வேண்டும், அது அரிது.

ஒட்டுப்போட எப்போதும் புல் கைவசம் இருக்க, வளாகத்தின் வெயில் மூலையில் ஒரு சதுர மீட்டர் அருகை வெட்டாமல் ஓடவிடுங்கள். வழுக்கை மண்ணை விரல் ஆழத்துக்குக் கிளறி, அந்தப் பாத்தியிலிருந்து துண்டெடுத்து 5 செ.மீ. நெருக்கமாக நட்டு, மேலே கோணிச் சாக்கை விரித்து நான்கு மூலையிலும் குச்சியடியுங்கள். பத்தாம் நாள் இலை சாக்கின் கண்கள் வழியாக எட்டிப்பார்க்கும்; சாக்கைப் பிடுங்காமல் அப்படியே மக்கவிடலாம். மூன்று வாரத்துக்கு மூவர் அந்தப் பக்கம் வராதபடி வெள்ளையடித்த செங்கலை அங்கேயே நிறுத்திவையுங்கள்.